வட்டிக் கணக்கு பேசிய நாவலாசிரியர்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன ஞாயிறு சாயங்காலம் மதுரை தல்லாகுளத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் ஓடிய படங்கள் பலவற்றைத் தயாரித்தவர், நாவல்களும் எழுதியிருக்கிறார். 'நானும் என் நாவல்களும்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. மனிதரோ பைனான்ஸ், வட்டி, ஏரியா, ஓவர்ஃப்ளோ என்றே பேசிக்கொண்டிருந்தார். ஒரு படம் வெளியாகும் முந்தின ராத்திரி கே.டி.எம். வராமல் தவித்த கதையை மட்டும் அரை மணி நேரம் சொன்னார். அது முடிவதற்குள் எழுந்துபோய் பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ் ஏறிவிட்டேன். இலக்கியம் கேட்கப் போனவனுக்குச் சீட்டுக் கம்பெனி வரவு செலவு கேட்ட மாதிரி இருந்தது. நானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் பார்த்துவிட்டால் எழுத்து போய்விடுமா அண்ணே?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

பேச்சாளர் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, அவர் இல்லாத இடத்தில் பெயர் வேண்டாம்.

நீங்கள் எழுந்து வந்த அந்த அரை மணி நேரத்துக்காகவே நான் பஸ் ஏறி வந்திருப்பேன்.

அந்த ராத்திரியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். படம் முன்கூட்டியே தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் பூட்டியிருக்கும். அதைத் திறக்கும் மின்சாவிதான் கே.டி.எம். எந்தத் திரைக்கு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று குறித்துத் தனித்தனியாக வரும். கடன் கொடுத்தவர் 'என் பாக்கி தீர்ந்தது' என்று சொல்லாமல் அது கிளம்பாது. பிலிம் காலத்தில் இதே வேலையை லேப் லெட்டர் செய்தது. நெகட்டிவ் லேபில் இருக்கும், பைனான்சியர் கடிதம் கொடுத்தால்தான் பிரிண்ட் வெளியே வரும். ஆக, விடிந்தால் ரிலீஸ். வெளியே கட்அவுட்டுக்குப் பால் குடத்தோடு பையன்கள் நிற்கிறார்கள். உள்ளே ஒரு அறையில் தயாரிப்பாளர், வட்டிக்கு விட்டவர், 'மதுரை-ராமநாதபுரம் ஏரியாவுக்கு இவ்வளவுதான் தாங்கும், மேற்கொண்டு ஒரு ரூபாய் தர மாட்டேன்' என்று போனில் சொல்லும் விநியோகஸ்தர், சம்பள பாக்கியை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நடிகர். நாலு பேரும் நாலு விதமாகப் பொய் சொல்லும் ராத்திரி. நாவல் எழுதுகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

என் தாய்மாமா ஒரு விநியோகஸ்தரிடம் ரெப்ரசன்டேட்டிவாக இருந்தார். படப்பெட்டியோடு பஸ்ஸில் போய், ஊர் ஊராக டூரிங் டாக்கீஸில் உட்கார்ந்து வசூலைக் காவல் காக்கிற வேலை. டிக்கெட் புத்தகத்தின் ஆரம்ப எண், முடிந்த எண் இரண்டையும் குறித்துக்கொள்வார். பிறகு தரை, பெஞ்சு, சேர் என்று தலை எண்ணுவார். கணக்கும் தலையும் ஒத்துவந்தால்தான் டி.சி.ஆர். என்கிற அன்றைய வசூல் கணக்குத் தாளில் கையெழுத்து. சோழவந்தான் பக்கம் ஒரு கொட்டகையில் சரியாகத் தலை எண்ணுகிற நேரம் பார்த்து முதலாளி வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வருமாம். "சாப்பிடப் போனா எண்ண முடியாது, போகாட்டி மரியாதை இல்ல. அந்தக் கோழி எத்தனை டிக்கெட்டு பெறும்னு நெனைக்கிற மருமகனே?" என்பார். நான் படித்த எந்தக் கதைப் பாடத்தையும்விட அந்தக் கோழி எனக்குப் பிரயோஜனப்பட்டது.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. 1937-ல் வந்த 'சிந்தாமணி'யை எடுத்தது இந்த ஊர் ராயல் டாக்கீ டிஸ்டிரிபியூட்டர்ஸ். பாகவதர் நடித்த அந்தப் படத்தின் லாபம் கீழவெளி வீதியில் அதே பெயரில் தியேட்டராக எழுந்து நின்றது, பிற்பாடு ஜவுளிக்கடையானது. எஸ்.எஸ்.வாசன் தபாலில் சாமான் விற்றவர், விளம்பரம் பிடித்தவர், 1928-ல் விகடனை வாங்கியவர். அவர் எழுதிய 'சதிலீலாவதி' 1936-ல் படமானது. 1948-ல் அவரே 'சந்திரலேகா' எடுத்தார். ஜனம் எதற்குக் காசு கொடுக்கும் என்று தெரிந்தவர் எழுதினார் என்பதில் குறை என்ன இருக்கிறது? எதிர்ப்பக்கம் ஜெயகாந்தன். தன் நாவல் 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தானே படமாக எடுத்தார். தேசிய விருது கிடைத்தது, கல்லா நிறையவில்லை. அந்தச் சினிமா அனுபவங்களை ஒளிக்காமல் ஒரு புத்தகமாகவே எழுதிவைத்தார்.

இனி உங்கள் பேச்சாளர் விஷயம். அவருடைய நாவல்களில் மூன்றைப் படித்திருக்கிறேன். எனக்கும் அவர்மேல் குறை உண்டு, உங்கள் குறைக்கு நேர்மாறானது. அவர் கதாநாயகர்கள் மழையைப் பார்க்கிறார்கள், பழைய காதலியை நினைக்கிறார்கள், ஆற்றங்கரையில் நடக்கிறார்கள். ஒருத்தன்கூட வாடகை கொடுப்பதில்லை. நாற்பது பேருக்குச் சம்பளம் போட்டவர், கடன்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், பேனாவைக் கையில் எடுத்ததும் அதையெல்லாம் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறார். இலக்கியம் என்றால் அப்படித்தான் நுழைய வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம்மைப் போன்ற ஆட்கள்தான் சொல்லியிருப்போம், சந்தேகமில்லை. அன்றைக்கு மேடையில் எப்படியோ மறந்துபோய்ச் செருப்போடு வந்துவிட்டார். நீங்கள் முகம் சுளித்தீர்கள்.

பணம் பார்த்தால் எழுத்து போகுமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் பார்த்ததில்லை. புத்தக ராயல்டியில் எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்குக் கட்டுப்படியான மாதங்கள் உண்டு, அவ்வளவுதான்.

உங்கள் நாவலின் முதல் அத்தியாயத்தைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். நாயகனின் அப்பா எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார் என்று ஒரே வரி. கடன் சொல்லி வாங்குகிறவர்கள் யார், நோட்டில் யார் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறார், யாரிடம் கேட்கவே மாட்டார் என்று எழுதி இன்னொரு முறை அனுப்புங்கள், படிக்கிறேன்.

அப்புறம், அந்த ராத்திரி சாவி எத்தனை மணிக்கு வந்தது? யார் இறங்கிவந்தார்? நீங்கள் பாதியில் எழுந்துவிட்டதால் எனக்கும் தெரியாமல் போய்விட்டது. கூட்டத்தில் தெரிந்தவர் யாராவது கடைசிவரை இருந்திருந்தால் விசாரித்து எழுதுங்கள்.