தம்பிக்கு விடுதி, உனக்கு வீடு

வணக்கம் டீச்சர்,

நான் பினாங்கு மாநிலத்தின் பிறையில் இருக்கிறேன். வயது 23. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்ததும் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்தச் சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதால் போகவில்லை. இப்போது பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கிறேன். தம்பி ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிறான், விடுதியில் தங்கியிருக்கிறான். அவன் செலவையும் அப்பாவின் மருந்துச் செலவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் (பிஜேஜே) பட்டம் படிக்கலாம் என்று ஆசை. வீட்டிலிருந்தே படிப்பதால் வீட்டு வேலைக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்று அம்மாவும் சம்மதித்துவிட்டார். ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் பிஜேஜே பட்டத்துக்கு மதிப்பில்லை, பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்கிறார்கள். இதன் நன்மை தீமைகளை நீங்கள் விளக்கினால் முடிவெடுக்க உதவியாக இருக்கும். கணக்கியலா, வணிக நிர்வாகமா என்பதிலும் குழப்பம்.

ச.

அன்புள்ள ச.,

மதிப்பைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். நீ சேர நினைக்கும் படிப்பு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார். இருந்தால் அது முறையான பட்டம். இல்லையென்றால் ஒரு வெள்ளிகூடக் கட்டாதே. பிஜேஜே என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இந்த ஊரின் கதை தெரியாது. நம் பினாங்கு மிண்டனில் இருக்கும் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) 1971-லேயே இதைத் தொடங்கிவிட்டது. அந்தப் பல்கலைக்கழகமே பிறந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கோலாலம்பூரில் ஓயுஎம் என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்ததும், இங்கே ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியதும் பிற்பாடு நடந்தவை. எத்தனையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இந்த வழியாகத்தான் பட்டதாரி ஆனார்கள்.

நன்மைகளும் உனக்குத் தெரிந்தவைதான். சம்பளம் நிற்காது. ஒரு செமஸ்டருக்கு எத்தனை பாடம் எடுக்கிறாயோ அதற்கு மட்டும் கட்டலாம். ஊழியர் சேமநிதியிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது, விசாரி. எஸ்டிபிஎம் இல்லாதவர்களைக்கூட 21 வயதுக்கு மேல் வேலை அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும் ஏபெல் முறை இருக்கிறது. உன் தோழிகளிடம் சொல். தீமை என்றால், நாள் அதிகம் பிடிக்கும். சந்தேகம் வந்தால் திரும்பிக் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. சரி, இதெல்லாம் எந்த விளம்பரத் தாளிலும் கிடைக்கும்.

உன் கடிதத்தில் என்னை நிறுத்திவிட்ட வரி வேறு. வீட்டிலிருந்தே படிப்பதால் வீட்டு வேலைக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு ஒத்தாசை? இந்த வரியை நீ கொஞ்சம்கூட உறுத்தல் இல்லாமல், ஒரு வசதியைச் சொல்வதுபோல எழுதியிருப்பதுதான் எனக்குக் கோபம்.

தொலைதூரக் கல்வியில் சேர்ந்து பாதியில் விடுகிறவர்கள் அதிகம் என்பது உண்மை. உலகம் முழுக்க அப்படித்தான். காரணம் கேட்டால் மனக்கட்டுப்பாடு இல்லை, நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்பார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஃபேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டி வீடு திரும்புகிற பெண்ணிடம் போய் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அவளிடம் கட்டுப்பாடு போதுமான அளவு இருக்கிறது. இல்லாதது, தொந்தரவு இல்லாத இரண்டு மணி நேரம். அதை அவள் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, வீட்டார்தான் தர வேண்டும். வகுப்பறைக்குப் போகிற பெண்ணை யாரும் நடுவில் கூப்பிட்டு அரிசி களையச் சொல்வதில்லை. வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவள் மட்டும் எல்லோர் கண்ணுக்கும் சும்மா இருப்பவள்.

2020 ஜூன் மாதம் சபாவின் பிடாஸில் ஒரு மாணவி இணையம் கிடைக்காமல் மரத்தில் ஏறித் தேர்வு எழுதினாள். நாடே பேசியது. கோபுரம் வேண்டும், அலைவரிசை வேண்டும் என்றார்கள். வேண்டியதுதான். ஆனால் அதே மாதங்களில், முழு இணைப்பு இருந்தும் உட்கார இடமில்லாத பிள்ளைகளை நான் இங்கே பார்த்தேன். என்னிடம் ஆறாம் ஆண்டில் படித்த ஒருத்தி, அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், மலிவு வீட்டு ஃபிளாட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து இணைய வகுப்பைக் கேட்டாள். உள்ளே கூடத்தில் டிவி. ஏன் அணைக்கச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "தாத்தா பார்க்கிறார் டீச்சர்" என்றாள். அவள் அண்ணனுக்கு மட்டும் கதவு சாத்திய அறை இருந்தது. அவன் அப்போது படிக்கக்கூட இல்லை.

என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை. அக்கா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எண்பதுகளின் தொடக்கத்தில் யுஎஸ்எம்மில் பதிந்தாள். பாடங்கள் தபாலில் வரும், கிராணி ஆபீஸிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வருவேன். ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும், அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். சாப்பாடு முடிந்ததிலிருந்து அக்காவை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர். காரணம் எதுவும் விளக்கவில்லை.

ஒருநாள் பெரியத்தை குடும்பத்தோடு வந்திருந்தார். அம்மா வழக்கம்போல அக்காவைக் கோப்பி கலக்கக் கூப்பிட்டார். அப்பா எழுந்து போய்த் தானே கலக்கி எடுத்துவந்து வைத்தார். வயசுக்கு வந்த பெண் உள்ளே இருக்க ஆம்பளை கோப்பி கலக்குவதா என்று அத்தை அந்தக் கோப்பியைத் தொடவே இல்லை. லயம் முழுக்கப் பேச்சானது. அப்பா அதற்குப் பிறகும் கலக்கினார். பாத்திரம் கழுவுவது என் தலையில் விழுந்தது, நானும் கழுவினேன்.

பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் மிண்டனில் தங்கிப் படிக்க வேண்டும். பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து ஃபெர்ரி. அங்கே அவளோடு தாதிகள், போலீஸ்காரர்கள், பிள்ளை பெற்ற அம்மாக்கள் எல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். அந்த மூன்று வாரம்தான் தன் வாழ்க்கையிலேயே தன் தட்டை வேறு யாராவது எடுத்துவைத்த காலம் என்று அக்கா இப்போதும் சொல்வாள். பட்டம் வாங்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. அவளுடன் அதே தோட்டத்திலிருந்து பதிந்த இன்னொரு ஆசிரியை, அக்காவைவிடக் கெட்டிக்காரி, இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்டார். அவர் வீட்டில் அவரைத் தவிர யாரும் சமைக்கவில்லை.

இப்போது உன் தம்பி விஷயத்துக்கு வா. வீட்டில் இருந்தால் படிப்பு ஓடாது என்றுதானே அவனை விடுதியில் விட்டீர்கள்? அது சரியான முடிவு. படிப்புக்கு இடம் வேண்டும், அமைதி வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும் என்று உன் வீட்டாருக்கு நன்றாகவே தெரிகிறது. அதே வீடு உனக்கு என்று வரும்போது மட்டும் எப்படிப் படிக்க ஏற்ற இடமாகிவிட்டது? அவன் விடுதிக் கட்டணத்தைக் கட்டுகிறவள் நீ. இதைக் கேட்க உனக்கு வாய் இருக்கிறது, கேட்காமல் இருப்பதை நல்ல பிள்ளைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. படுக்கையில் இருப்பவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டுகிறவரின் இடுப்பு வலி எனக்குத் தெரியும். அவருக்கும் ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் எப்போதும் நீதான் என்று யார் எழுதி வைத்தது? ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில் இருக்கிறது. இடுபணி சமர்ப்பிக்கும் வாரமும் தேர்வு வாரமும் உன் கையில் முன்கூட்டியே வந்துவிடும். அந்தத் தேதிகளைத் தம்பிக்கு அனுப்பு. அந்தச் சனி ஞாயிறுகளில் அவன் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும், சமைக்கவும் செய்யட்டும். வரமாட்டேன் என்றால் அந்த மாதம் பணம் அனுப்பாதே. ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன். மற்ற நாட்களில் எட்டிலிருந்து பத்து என்றால் எட்டிலிருந்து பத்துதான். அறை இல்லையென்றால் சுவரைப் பார்த்து ஒரு மேசை போதும், ஆனால் அதன்மேல் துணி மடித்து வைக்க விடாதே. லீவு நாளில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கும் டிஜிட்டல் நூலகத்துக்குப் போ. கட்டணம் கிடையாது.

இவற்றைப் பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் பேசி முடி. சேர்ந்த பிறகு பேசலாம் என்று விட்டால் முதல் செமஸ்டரே போய்விடும். உனக்குச் சங்கடமாக இருந்தால் இந்தப் பதிலையே அம்மாவுக்குப் படித்துக் காட்டு. என்னைத் திட்டட்டும், பரவாயில்லை.

கணக்கியலா நிர்வாகமா என்று கேட்டிருந்தாய். கணக்கியல் எடு. ஒரு கிராணி சம்பளத்தில் இரண்டு ஊரில் குடும்பம் நடத்துகிறாய், கணக்கு உனக்கு வரும். முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதே.

அன்புடன்,
டீச்சர்