பூட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்: பேண்டஸி ரொமான்ஸ் எழுதுறவங்களுக்கு கேள்வி பதில்

கம்பத்துல இருந்து எழுதுறேன். பேண்டஸி ரொமான்ஸ் பதினஞ்சு வருஷமா படிக்கிறேன், கொஞ்ச வருஷமா மத்தவங்க தொடர்கதைல எபி, அதான் எபிசோட், போடுறதுக்கு முன்னாடி படிச்சுத் திருத்தியும் குடுக்குறேன். உயிருக்கு உயிரான ஜோடில ஒருத்தர் சிறைப்படுற கதைகளப் பத்தி வந்த கேள்விகளுக்கு மட்டும் இன்னைக்கு பதில்.

கூடலூர்ல இருந்து: அக்கா, ஹீரோயின அரக்க ராஜா தூக்கிட்டுப் போயிடுறான், ஹீரோ வந்து சேர இருபது எபி ஆகுது. நடுவுல ரொமான்ஸே இல்லன்னு ரீடர்ஸ் சொல்றாங்க.

தங்கச்சி, உன் இருபது எபியும் படிச்சேன். அவன் வாள் சுத்துறான், இவ அழறா, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே போய் வரல. அசோகவனத்துக்கு ஒரு மோதிரம் போகுது, அங்க இருந்து ஒரு சூடாமணி வருது, அந்த ரெண்டு சாமானுக்காக நம்ம ஜனம் இன்னும் கண்ணீர் விடுது, ஏன்னா அந்த ரெண்டு பேரும் அவ்வளவு நாள் கழிச்சு ஒருத்தர ஒருத்தர் தொட்ட மாதிரி இருக்குறது அப்பத்தான்.

எங்க தெருவுல நடந்ததச் சொல்றேன். 2020 லாக்டவுன்ல கேரள எல்லைல இருக்குற குமுளி, கம்பம்மெட்டு செக்போஸ்ட் ரெண்டையும் அடைச்சுட்டாங்க, பக்கத்து வீட்டு அக்காவோட வீட்டுக்காரர் மலைல ஏலக்காய் எஸ்டேட்டுல மாட்டிக்கிட்டார், அங்க ஒரு பாறை மேல ஏறுனாத்தான் சிக்னல், அதனால சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் போன் வரும். அக்கா ஆறரைக்கே சோத்த ஆக்கி மூடி வச்சுட்டு வாசப்படில உக்காந்துருக்கும், போன் வந்து "சாப்ட்டியா"ன்னு அவர் கேட்டதுக்கு அப்புறம்தான் தட்டு எடுக்கும். ஒருநாள் மழையில சிக்னல் இல்ல, போனே வரல. மறுநாள் காலைல பாத்தா சோறு அப்படியே தண்ணி ஊத்திக் கெடந்துச்சு. இதவிடப் பெரிய ரொமான்ஸ் சீன் நான் எந்த எபிலயும் படிக்கல. உன் ஹீரோயினுக்கும் அப்படி ஒரு ஏழு மணி குடு. அந்த நேரத்துக்கு அவ என்ன செய்வா, அதே நேரம் அவன் என்ன செய்வான், அத மட்டும் மாத்தி மாத்தி எழுது, கமெண்ட் தானா மாறும்.

செங்கோட்டைல இருந்து: என் ஹீரோயினுக்கு மந்திர சக்தி உண்டு, அப்ப ஏன் தப்பிக்கலன்னு கேக்குறாங்க. சக்திய எடுத்துடவா?

எடுக்காதீங்க. மணிமேகலைக்கு பறக்க, உருவம் மாற, பசி போக்கன்னு மூணு மந்திரமும் தெரியும், சோழ ராணி சிறை வச்சுக் கொடுமை பண்றப்பவும் அவ பறந்து போகல. சீதையும் அப்படித்தான், தோள்ல ஏறுங்க தாயே கொண்டுபோறேன்னு அனுமன் சொல்றான், கம்பர் பாட்டுல அவ சொல்ற பதில் என்னன்னா, இலங்கை என்ன, எல்லா உலகத்தையும் என் சொல்லாலயே சுட்டுடுவேன், ஆனா அது அவரு வில்லுக்கு மாசுன்னு விட்டுட்டேங்கறா. அவளால முடியாம இல்ல, அவன் மேல வச்ச மரியாதைல உக்காந்திருக்கா. உங்க பொண்ணு போகாம இருக்குறதுக்கு அவளோட சொந்தக் காரணம் ஒண்ணு வேணும். மந்திரவாதி கட்டுப் போட்டுட்டான், சங்கிலி சக்திய உறிஞ்சுதுங்கறதெல்லாம் ஒரு எபிக்குத்தான் தாங்கும்.

குமுளில இருந்து: கடத்திட்டுப் போனவனையே லவ் பண்ற ஆன்டி ஹீரோ கதை எனக்குப் பிடிக்கும்க்கா. அது தப்பா?

படிக்கிறது தப்பில்லம்மா, நானும் படிக்கிறேன். ஆனா எழுதுறப்ப ஒண்ணு பாரு. 1973-ல ஸ்டாக்ஹோம்ல ஒரு பேங்க்ல நாலு பேர ஆறு நாள் பிடிச்சு வச்சிருந்தாங்க, அந்த நாலு பேரும் வெளிய வந்து பிடிச்சு வச்சவனுக்கே பரிஞ்சு பேசுனாங்க, ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்ங்கற பேரே அப்படி வந்ததுதான். சோறும் தண்ணியும் உசுரும் ஒருத்தன் கைல இருக்கப்ப அவன் கொஞ்சம் சிரிச்சாலே பெரிசாத் தெரியும், அதுக்குப் பேரு காதல் இல்ல. மிருகமும் அழகியும்ங்கற பிரெஞ்சுக் கதைய எடுத்துக்க, அவன் தினம் ராத்திரி என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்குறான், அவ மாட்டேங்கறா, அவனும் மிரட்டல. அப்புறம் அப்பாவப் பாக்க விடுறான், அவ வீட்டுக்குப் போயிட்டு தானா திரும்பி வர்றா. கதவு தெறந்து கெடக்கணும், அவ ஒருதடவ வெளிய போகணும், அதுக்கு அப்புறம் அவ சொல்ற சரிதான் சரி. பூட்டுன ரூம்ல அவ சொன்ன சம்மதத்த வச்சு நீ எபிலாக்ல, அதான் முடிவுரைல, கொழந்த வரைக்கும் போயிட்டா என் மனசு ஏத்துக்காது.

ராவணனே சீதையத் தொடல, கம்பர் கதைல குடிசையோட மண்ணப் பேத்து எடுத்துட்டுப் போறான். இப்ப வர்ற ஹீரோக்கள் பத்துப் பேர் அந்தளவுக்குக் கூட இல்ல.

களியக்காவிளைல இருந்து: ஹீரோவ சிறை வச்சு ஹீரோயின் மீட்கலாமா? ஆம்பளய இறக்குற மாதிரி இருக்குமோ?

தாராளமா வைங்கண்ணா. பாணாசுரன் மக உஷை கனவுல கண்ட அநிருத்தன, தோழி சித்திரலேகை தூக்கிட்டே வந்து சேக்குறா, அப்பா பாத்துட்டு நாகபாசத்துல கட்டுறான். ஸ்காட்லாந்துப் பாட்டுக் கதை ஒண்ணுல டாம் லின்ங்கறவன் தேவதை ராணிகிட்ட மாட்டியிருப்பான், ஜேனட்ங்கற பொண்ணு ராத்திரி அவங்க ஊர்வலம் வர்ற வழில நின்னு அவனக் குதிரைல இருந்து இழுத்துக் கட்டிப்பிடிச்சுக்குவா, அவ கைக்குள்ளயே அவன் பாம்பாவான், பழுக்கக் காச்சுன இரும்பாவான், அவ விடமாட்டா. அவ செய்ய வேண்டியது அது ஒண்ணுதான், விடாம பிடிக்கிறது. இதுல ஆம்பள எங்கண்ணா இறங்குறான்?

கொழிஞ்சாம்பாறைல இருந்து: சித்திரவதை சீன் எவ்வளவு எழுதலாம்?

ஒருதடவ. அப்புறம் கணுக்கால்ல சங்கிலி ஒரசுன புண்ணு, தாழ்ப்பாள் சத்தம் கேட்டா தோள் சுருங்குறது, அது போதும். விடுதலையாகி வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறமும் உள்தாழ்ப்பாள் போட்டா அவளுக்கு மூச்சு முட்டும், அவன் ஒண்ணும் கேக்காம கதவத் தெறந்து வச்சுட்டு நடைலயே படுத்துக்குவான், இப்படி ஒண்ணு எழுதுங்களேன்.

கம்பம்மெட்டுல இருந்து: சிறைலயே ஒருத்தர் செத்துட்டா கதைய எப்படி முடிக்கிறதுக்கா? ரீடர்ஸ் திட்டுறாங்க.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலைல இருக்குற கண்ணகி கோயிலுக்குப் போயிருக்கியா? குமுளில இருந்து ஜீப்புல போகலாம், நான் பளியங்குடி வழியா நடந்துதான் ஏறுவேன், வருஷத்துல அந்த ஒரு நாள்தான் விடுறாங்க. கோவலன விசாரிக்காமலே வெட்டிட்டாங்க, கண்ணகி பதினாலு நாள் நடந்து மலையேறி வேங்கை மர நிழல்ல நிக்கிறா, அவன் வானுலகத்தாரோட வந்து கூட்டிட்டுப் போறான். இளங்கோ அந்த சேர்றத சில வரில முடிச்சுட்டு, மிச்சத்த அங்க இருந்த மலைக்குறவங்க வாயால சொல்ல வைக்கிறார். கட்டிப்பிடிச்சாங்க, அழுதாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது. யாரோ காட்டுக்காரங்க பாத்தோம்ங்கறாங்க, நமக்கு அது போதுமா இருக்கு.

நீயும் செத்தவர உயிரோட கொண்டுவர வேண்டாம், கடைசி எபிய அந்த ஜோடி யாருன்னே தெரியாத ஒருத்தர் கண்ணுல எழுதிப் பாரு, ஜெயில் காவக்காரனா கூட இருக்கலாம். எழுதிட்டு எனக்கு அனுப்பு, இந்த வாரத்துக்குள்ள படிச்சுத் தர்றேன்.