கேபிள் அண்ணனைத் திட்டலாம், அல்காரிதத்தை எங்கே போய்த் திட்டுவது?

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் எங்கள் படிப்பகத்தில் அவ்வப்போது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கேள்விப் பெட்டி வைப்போம். இந்த முறை ஊடகம். கருவி மாறும்போது அதிகாரம் யார் கைக்குப் போகிறது, பார்க்கிற கேட்கிற நாம் என்ன ஆகிறோம், வெளிநாட்டுச் சரக்கு நம் தெருவில் என்ன செய்கிறது என்பதெல்லாம் இதில் அடக்கம். கல்லூரியில் ஊடகவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் பதில் எழுதும் வேலை எனக்கு விழுந்தது. பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (கேபிள் ஆபரேட்டர், கொருக்குப்பேட்டை): சார், முப்பது வருஷமா இந்தத் தொழில். ஒரு காலத்துல இந்த ஏரியாவுல எந்த சேனல் தெரியணும்னு நாங்கதான் முடிவு பண்ணோம். இப்ப பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டு எல்லாரும் போன்ல பாக்கறாங்க. எங்க பவர் எங்க போச்சு?

பதில்: கொஞ்சம் பழைய கதை பேசினால்தான் இது விளங்கும், தம்பி. சென்னையில் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. அடுத்த பதினாறு வருஷம் அதை விட்டால் வேறு கதி இல்லை. 1991-ல் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்டியபோது பெரிய ஓட்டல்களில் டிஷ் ஆண்டெனா ஏறியது. பிறகு அது மொட்டை மாடிகளுக்கு வந்து, ஒயர் வழியாகத் தெருவுக்கு இறங்கியது. 1993-ல் சன் டி.வி. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து, அதில் அரசு ஏகபோகம் கொண்டாட முடியாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு டெல்லியில் வந்தாலும், கொருக்குப்பேட்டையில் எது தெரியும் என்பது உங்கள் கண்ட்ரோல் ரூமில்தான் முடிவானது. பழைய டி.வி. பெட்டிகளில் பத்துப் பன்னிரண்டு சேனல் பிடித்தாலே பெரிது. ஒரு சேனலைப் பெட்டி பிடிக்காத கடைசி அலைவரிசையில் தள்ளிவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

அந்த அதிகாரத்தில் முதலில் கை வைத்தது செட் டாப் பாக்ஸ். கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் கட்டாயம் என்ற 'காஸ்' முறை 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில்தான் முதலில் அமலானது. அதுவரை எத்தனை வீட்டுக்கு இணைப்பு என்ற கணக்கு உங்கள் நோட்டில் இருந்தது. (முந்நூறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு சேனல் கம்பெனியிடம் நூறு என்று சொன்ன கதையெல்லாம் எனக்கும் தெரியும், விடுங்கள்.) பாக்ஸ் வந்ததும் அந்தக் கணக்கு கம்பெனிகள் கைக்குப் போய்விட்டது. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. இலவசக் கலர் டி.வி. கொடுத்தது, பெட்டி இலவசம், கேபிள் சந்தா மாதாமாதம். 2011-ல் அ.தி.மு.க. அரசு, அரசு கேபிளை 70 ரூபாய்க்கு இறக்கியது. இரண்டு கட்சிகளும் ஒரு ஒயருக்காக இவ்வளவு மெனக்கெட்டதே அந்த ஒயரின் மதிப்பைச் சொல்லும்.

எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கும் அந்த வேலையை இப்போது யூடியூபும் இன்ஸ்டாகிராமும் அல்காரிதம் என்ற கணினிக் கணக்கை வைத்துச் செய்கின்றன. எனக்கு ஒரு வித்தியாசம்தான் பெரிதாகப் படுகிறது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நேரத்தில் கேபிள் போனால் பத்துப் பேர் உங்கள் கடை வாசலுக்கு வந்து சத்தம் போடுவார்கள், நீங்கள் ஏணியோடு ஓடுவீர்கள். உங்களை எங்கே பிடிக்கலாம் என்பது தெருவுக்குத் தெரியும். அதுதான் பார்வையாளருக்கு இருந்த பலம். உங்கள் பவரோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

கேள்வி (ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர், ராயபுரம்): பூங்காவில் ரேடியோ கேட்ட காலத்தை எங்கப்பா சொல்வார். அது யாருடைய ரேடியோ?

பதில்: நம்ம கார்ப்பரேஷனுடையது, ஐயா. 1924-ல் ஆர்வலர்கள் சிலர் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பினார்கள். பணம் இல்லாமல் 1927-ல் நின்றுபோனது. 1930-ல் மாநகராட்சி அதைக் கையில் எடுத்து ரிப்பன் கட்டடத்திலிருந்து நடத்தியது. வீட்டில் பெட்டி வாங்க முடியாதவர்களுக்குப் பொது இடங்களில் ஒலிபெருக்கி. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும், நகரத்தின் ரேடியோ டெல்லியின் ரேடியோ ஆனது.

அதன் விளைவு 1952-ல் தெரிந்தது. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. வானொலியில் அதை ஏறக்குறைய ஒதுக்கியே வைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் விட்டுச்சென்ற சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் அங்கே இருந்தது. கடைசியில் டெல்லியே இறங்கி வந்து, 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க வேண்டியிருந்தது. கேட்பவர்கள் ஓர் அரசை வளைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. முள்ளைத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ராயபுரத்து ராபின்சன் பூங்காவுக்கும் இதில் பங்கு உண்டு. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் அங்கே நடந்தது. வானொலி அரசின் கையில் இருந்த காலத்தில், எதிர்க்கட்சிக்கு வாய்த்த ஊடகம் வாடகை மைக் செட்டுதான்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவர், தண்டையார்பேட்டை): இன்டர்நெட் சாட்டிலைட்ல இருந்தா சார் வருது?

பதில்: பெரும்பகுதி கடலுக்கு அடியிலிருந்து வருகிறது, கண்ணா. சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் 1871-லேயே போட்டுவிட்டார்கள், பிரிட்டிஷ்காரர்களின் வியாபாரத்துக்கும் ஆட்சிக்கும். இன்று அதே வங்கக் கடலில் கண்ணாடி இழைக் கேபிள்கள் கிடக்கின்றன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிளைத் தொடங்கி வைத்தார்கள். அதுவரை அந்தமான்காரர்கள்தான் நீ சொன்ன சாட்டிலைட்டை நம்பி இருந்தார்கள். வேகம் பத்தாமல் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி (மீன் வியாபாரம் செய்பவர், காசிமேடு): எல்லார் கையிலும் போன் இருக்கு. ஆனா ஏலத்துல விலை சொல்றவங்க அதே ஆளுங்கதான். போன் வந்து எங்களுக்கு என்ன பிரயோஜனம்?

பதில்: அம்மா, உங்கள் சீட்டைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

உலகம் முழுக்கப் பொருளாதார வகுப்புகளில் சொல்லும் ஒரு கதை நம் பக்கத்து மாநிலத்து மீனவர்களுடையது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் படிப்படியாக செல்போன் வந்தது. அதற்கு முன்னால் ஒரு கரையில் மத்தி வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள், பக்கத்துக் கரையில் மீனே இல்லாமல் விலை ஏறும். பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணானது. போன் வந்த பிறகு கடலிலிருந்தே விலை கேட்டு, எந்தக் கரையில் நல்ல விலையோ அங்கே படகைத் திருப்பினார்கள். வீண் நின்றது, மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-ல் இதை வெளியிட்டார்.

சரி, காசிமேட்டில் ஏன் இது நடக்கவில்லை என்கிறீர்கள்? படகை வேறு கரைக்குத் திருப்ப முடிகிறவனுக்குத்தான் விலைத் தகவல் பயன்படும். டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கியவர், கொடுத்தவருக்குத்தான் மீனைப் போட்டாக வேண்டும். வஞ்சிரம் வேறு இடத்தில் என்ன விலை போகிறது என்று போன் சொல்லும், கடனை அடைக்காது. கருவி வந்தாலே அதிகாரம் கைமாறிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்கள் கடன் நோட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (கானா பாடகர், புளியந்தோப்பு): அண்ணா, யூடியூப்ல பாட்டு போட்டா காபிரைட்டுன்னு காசை ஒரு கம்பெனி எடுத்துக்குது. பாட்டு நான் எழுதுனது. இது என்ன நியாயம்?

பதில்: மெட்டு யாருடையது, தம்பி? சினிமா மெட்டில் பாடியிருந்தால் 'கன்டென்ட் ஐடி' என்ற இயந்திரம் அதைக் கண்டுபிடித்துவிடும். மெட்டின் உரிமையாளர் வீடியோவை முடக்கலாம், அல்லது விளம்பரக் காசைத் தன் பக்கம் திருப்பலாம். சாவு வீட்டுப் பந்தலில் சினிமா மெட்டுக்குச் சொந்தமாகப் பாட்டு வரிகள் கட்டிப் பாடுவது உங்கள் மரபு. அங்கே யாரும் கேட்டதில்லை, கேசட் காலத்திலும் பெரிதாகக் கேட்டதில்லை. இயந்திரத்துக்கு மரபு தெரியாது.

'கிளைம்' (காசுக்கு உரிமை கோருவது) வேறு, 'ஸ்ட்ரைக்' (சேனல் மேல் விழும் எச்சரிக்கை) வேறு. கிளைம் வந்தால் காசு போகும், சேனலுக்கு ஆபத்தில்லை. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும். பாட்டு முழுக்க உங்களுடையதாக இருந்தும் கிளைம் வந்திருந்தால் மறுப்புப் போடுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கிளைம் விழுந்துவிடும். சொந்த மெட்டு, சொந்த டோலக், சொந்தப் பதிவு என்றால் சாதாரண வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸில் 45.

இன்னொன்று. ஆடியோ கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் காலமும் இடமும் பாருங்கள். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று நம் காபிரைட் சட்டம் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் அவர்கள் மறக்காமல் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குத் தனியாகக் காசு கேளுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, பெரம்பூர்): நான் கொரியன் டிராமா பார்த்தா வீட்டுல 'நம்ம கலாச்சாரம் போச்சு'ன்னு திட்டு. நிஜமாவே போகுதா சார்?

பதில்: திட்டுகிறவர்களிடம் முகமது அலியைப் பற்றிக் கேள். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து கண்காட்சிப் போட்டியில் ஆடினார். வடசென்னை பாக்ஸிங்காரர்களுக்கு அது இன்றைக்கும் பேச்சு. 1986-ல் மரடோனாவைத் தூர்தர்ஷனில் பார்த்த வியாசர்பாடிப் பையன்கள் பந்தோடு மைதானத்துக்குப் போனார்கள். இவர்கள் யாரும் அமெரிக்காகாரராகவோ அர்ஜென்டினாகாரராகவோ ஆகிவிடவில்லை. வெளியிலிருந்து வந்ததை எடுத்துத் தன் தெருவுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொள்வது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை.

ஆனால் பயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். செய்தியும் படமும் பணக்கார நாடுகளிலிருந்து ஒருவழிப் பாதையாக வருகிறது என்று மூன்றாம் உலக நாடுகள் 1970-களில் குரல் எழுப்பின. யுனெஸ்கோ அமைத்த மக்பிரைடு ஆணையம் 1980-ல் அதை அறிக்கையாகவே கொடுத்தது. அந்தச் சண்டையின் சூட்டில் அமெரிக்கா 1984 கடைசியில் யுனெஸ்கோவை விட்டே வெளியேறியது, அடுத்த வருஷம் பிரிட்டன். இன்று சரக்கு சியோலிலிருந்து வருகிறது, இஸ்தான்புல்லிலிருந்து வருகிறது, நம் படங்களும் வெளியே போகின்றன. அந்த வகையில் பாதை ஒருவழி இல்லை. கடை மட்டும் அமெரிக்காவில். நீ கொரியக் கதை பார்க்கும் நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இங்கே வந்த கலிஃபோர்னியா கம்பெனி. எந்த ஊர்ச் சரக்கு முன்வரிசையில் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் சண்டை போடுவதென்றால் இதைப் பற்றிப் போடுங்கள். டிராமாவைத் தாராளமாகப் பார்.

கேள்வி (இல்லத்தரசி, எண்ணூர்): வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா?

பதில்: 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தியை நம்பி, நம் பழவேற்காட்டில் மனநலம் சரியில்லாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். எண்ணூரிலிருந்து ரொம்ப தூரமில்லை. அந்த வருஷம் பல மாநிலங்களில் இப்படி நடந்த பிறகு, ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றினார்கள். உங்களுக்குச் செய்தி அனுப்பியவர் தெரிந்தவர்தான், அதை எழுதியவர் தெரியாதவர். இரட்டை அம்புக்குறி இருந்தால் நிறையக் கை மாறிவந்தது என்று பொருள்; அனுப்பிய அக்காவிடமே 'உங்களுக்கு யார் அனுப்பினது' என்று கேளுங்கள்.

கேள்வி (மொபைல் கடை ஊழியர், மூலக்கடை): டிக்டாக்கை நிறுத்தியது நல்லதா கெட்டதா?

பதில்: 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். அதில் லட்சம் பேர் ரசிகர் வைத்திருந்த தையல்காரரும் கொத்தனாரும் ஒரே ராத்திரியில் யாருமில்லாதவர் ஆனார்கள். ரசிகர் பட்டியலைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வழியில்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்தது. இழந்தது அதில் எல்லோருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

உங்கள் கணக்கைக் காரணம் இல்லாமல் முடக்கினால் ஒரு வழி இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பெரிய தளங்கள் குறைதீர்ப்பு அலுவலர் வைத்து, 24 மணி நேரத்தில் புகாரைப் பதிந்து, குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனில் போகலாம். ஏணியோடு யாரும் ஓடிவர மாட்டார்கள், ஆனாலும் போட்டு வையுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் படிப்பகத்துக்கு வாருங்கள்.

கேள்வி (வட்டக் கட்சிக்காரர், வியாசர்பாடி): மறைந்த எங்க தலைவர் குரலை ஏ.ஐ.யில் செய்து தேர்தலுக்குப் பேச வைக்கலாமா?

பதில்: செய்துவிட்டார்கள். 2024 ஜனவரியில் ஒரு புத்தக விழாவில் கலைஞர் திரையில் தோன்றிப் பேசினார். அதே மாதம் ரஹ்மான், மறைந்த பாடகர்கள் இரண்டு பேரின் குரலை ஒரு பாட்டில் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பாட்டில் குரல் கூலிக்கு வருகிறது. அரசியலில் அவர் சொல்லாத கருத்து அவர் வாயில் வருகிறது, மறுக்க அவர் இல்லை. பழைய பொதுக்கூட்டத்தில் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினால் பேச்சாளர் பதில் சொல்லியாக வேண்டும். திரையில் தெரிபவருக்கு எந்தச் சீட்டை அனுப்புவது?

செய்தே தீருவோம் என்றால் குடும்பத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'கணினியில் உருவாக்கிய குரல்' என்று முதல் நொடியிலிருந்து கடைசி வரை திரையில் எழுத்து ஓடட்டும். எதிர்க்கட்சித் தலைவரை வைத்து இதே வித்தையைச் செய்து மாட்டினால், தகவல் வந்த 3 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2024 மே மாதம் எல்லாக் கட்சிகளுக்கும் சொல்லியிருக்கிறது. உங்கள் வட்டத்தில் வாட்ஸ்அப் குரூப் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 3 மணி நேரத்தில் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட முடியுமா?