கேள்வி – பதில்: எந்தக் காரும் எந்தத் தரையிலுமா?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு முடித்து லீவில் இருக்கிறான். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் ட்ராக்மேனியா என்ற கார் ரேஸ் விளையாட்டுதான், அதில் பாதையைக்கூட அவனே கட்டுகிறான். "முன்னால ஒரு தரைக்கு ஒரு கார்தாம்மா, இப்ப எதையும் எதிலயும் ஓட்டலாம்" என்று குதிக்கிறான். எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டால் அப்புறம் அது என்ன போட்டி?
– வாசகி, தக்கலை

பதில்: போட்டிதான், பயப்படாதீர்கள். பிரான்சின் நாடியோ நிறுவனம் 2003-ல் இந்த விளையாட்டை முதலில் விட்டபோது பாலைவனம், ராலி என்கிற கிராமப்புறம், பனி என மூன்று நிலங்கள், ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு கார். 2020-ல் வந்த புதிய ட்ராக்மேனியாவில் தார், மண், புல், பனிக்கட்டி எல்லாம் ஒரே பாதையில் வந்துவிட்டன, ஆனால் கார் மட்டும் ஒன்றே ஒன்று. அந்தப் பழைய மூன்று கார்களும் 2023 கடைசியிலும் 2024-லுமாகத் திரும்பி வந்தன. ஓட்டத்தின் நடுவில் ஒரு வாசலைத் தாண்டினால் காரே மாறிவிடும். பையன் குதிப்பது இதற்குத்தான்.

எனக்கும் இது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தரை மாறினால் ஓட்டுகிற கையும் மாற வேண்டும். தண்ணீரில் இறங்கி ஏறினால் டயர் ஈரமாகி, அடுத்த தார் வளைவில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். குலசேகரம் பக்கம் மழையில் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து பைக்கைத் தார் ரோட்டுக்கு ஏற்றியவர்களைக் கேளுங்கள், டயரில் அப்பிய சேறு உதிரும்வரை பிரேக்கைத் தொடவே மனசு வராது என்பார்கள். ஒரு தரைக்கு ஒரு கார் என்று பூட்டி வைத்தால் இந்தப் பாடமே கிடைக்காது.

ஆனால் ஒன்று. பாதை கட்டும்போது எந்தத் தடையும் வேண்டாம், நேரத்தைப் பதியும்போது எல்லாருக்கும் அதே பாதை, அதே கார்தான். இதில் கார்கள் ஒன்றையொன்று இடிக்காது, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடும். அதனால் யாரையும் முட்டித் தள்ளி ஜெயிக்க வழியில்லை, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்ட கட்டுப்பாடு இருக்க வேண்டிய இடம் இதுதான், அங்கே அது இருக்கிறது.

சரி, இன்று சாயங்காலம் அவன் கட்டிய பாதையில் நீங்களும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முதல் மண் வளைவிலேயே சுவரில் போய் இடிப்பீர்கள், எங்கே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று அவனையே கேளுங்கள்.