மான்செஸ்டர் மடோனா: கருப்பு மேலாடையும் பச்சை வானதூதர்களும்

மைக்கேலாஞ்சலோவின் ‘மான்செஸ்டர் மடோனா’ ஓவியத்தில் மரியாளின் மேலாடை கருப்பாகவும், இடப்பக்க வானதூதர்கள் பச்சையாகவும் இருப்பதைப் பார்த்தால், துக்கமும் மரணமும் நினைவுக்கு வரலாம். ஆனால் அந்தக் கருப்பு துக்கத்தின் குறியீடு இல்லை. இடப்பக்க வானதூதர்களின் பச்சையும் மரணத்தைச் சொல்லவில்லை. மைக்கேலாஞ்சலோ இந்த ஓவியத்தை முடிக்கவே இல்லை. அந்த இடங்களில் நீங்கள் பார்ப்பது, மேல் வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு.

முட்டையின் மஞ்சள் கரு கலந்த டெம்பரா வண்ணத்தில் பலகையில் வரைந்தது இது. அக்கால இத்தாலிய ஓவியர்கள் தோல் வரும் இடத்தில் முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசுவார்கள். அதன் மேல் இளஞ்சிவப்பையும் வெள்ளையையும் மெல்லிய கோடுகளாக இழைப்பார்கள். நிழல் விழும் இடங்களில் அடியிலுள்ள பச்சை லேசாகத் தெரிய, தோலுக்கு உயிர் வந்துவிடும். மரியாளின் கருப்பு மேலாடையின் மீது நீலம் ஏறியிருக்க வேண்டும். அது விலை உயர்ந்த நிறம்.

சரிபார்க்க: லண்டன் நேஷனல் கேலரி தளத்தில் படத்தைப் பெரிதாக்கி, இடப்பக்க வானதூதர்களையும் வலப்பக்கத்தில் இருப்பவர்களையும் ஒப்பிடுங்கள். வலப்பக்க முகங்களில் சின்னச் சின்னத் தூரிகைக் கோடுகள் தெரியும். இடப்பக்கம் வெறும் பச்சை.

குறியீடு தேட வேண்டிய இடம் மரியாளின் கையிலுள்ள புத்தகம்தான். குழந்தை இயேசு அதை எட்டிப் பிடிக்க முயல்கிறார். மரியாள் அதை அவருக்கு எட்டாதபடி வைத்திருக்கிறார். மகன் படப்போகும் சிலுவைப் பாடுகளை முன்னறிவிக்கும் வசனம் அதில் இருப்பதாகப் பலர் வாசிக்கிறார்கள். அந்தக் கை அசைவில் ஒரு தாயின் தவிப்பு முழுக்க இருக்கிறது என்பேன்.

ஆனால் இதே விளக்கத்தை எல்லா ஓவியங்களுக்கும் பொருத்திவிடாதீர்கள். முடிக்கப்பட்ட பழைய பலகை ஓவியங்களில் முகம் பச்சையாகத் தெரிந்தால், மேல் வண்ணம் தேய்ந்தோ வெளுத்தோ போயிருக்கலாம். நீலமும் காலப்போக்கில் கருத்துவிடுவது உண்டு.