மீற்றரில் 12.6 வோல்ற் காட்டும் படகு பற்றரி நடு இரவில் படுப்பது ஏன்?

சும்மா கிடக்கும் பற்றரியில் மீற்றர் வைத்தால் அப்படித்தான் காட்டும், சுமை கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். உங்களுடையது 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈய அமில பற்றரி என்பதால், முழுதாக சார்ஜ் ஏற்றி சில மணித்தியாலம் ஆறவிட்டு, எலக்ட்ரோனிக் லோட்டை (பற்றரியிலிருந்து நாம் வைக்கும் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும் சோதனைக் கருவி) மாறா மின்னோட்டத்தில் 5 அம்பியருக்கு வைத்து, 10.5 வோல்ற்றில் தானாக நிற்கும்படி செட் பண்ணுங்கள். நல்ல பற்றரி ஏறக்குறைய 20 மணித்தியாலம் தாங்கும். பத்து மணித்தியாலத்தில் நின்றால் பாதிக் கொள்ளளவு போய்விட்டது. பல்ப் மாட்டியும் பார்க்கலாம்தான், ஆனால் வோல்ற் இறங்க இறங்க மின்னோட்டமும் இறங்கும், கணக்கு பிசகும்.

ஒன்று, லோட்டுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மொஸ்பெட் என்ற ட்ரான்சிஸ்டர், 12 வோல்ற்றை 5 அம்பியரால் பெருக்கினால் வரும் 60 வாட்டையும் வெப்பமாகத்தான் தள்ளுகிறது, திருகோணமலை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் பூட்டி வைக்காதீர்கள். முடிந்ததும் உடனே சார்ஜில் போடுங்கள், வெறுமையாகக் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் இறுகிவிடும்.