போர்வையின் ஓரம் நெளிவது கையின் குற்றமல்ல

கேள்வி: மெல்பர்னில் படிக்கும் மகளுக்குக் கோடு போட்ட போர்வை ஒன்று பின்னுகிறேன். இலையுதிர் கால நிறங்களில்தான் வேண்டும் என்கிறாள். ஊசியில் 200 கண்ணி ஏற்றி, பட்டைக்கு ஒரு பின்னல் தையலாக ரிப், மாஸ், ஸ்டாக்கினெட் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். 40 செ.மீ. வந்ததும் விரித்துப் பார்த்தால் ஓரம் பாம்பாக நெளிகிறது. ரிப் பட்டை 98 செ.மீ. அகலம், மாஸ் பட்டை 122. நிறம் மாறும் இடத்தில் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கிறது. அயர்ன் செய்தால் சரியாகுமா? முழுப் போர்வைக்கு எத்தனை உருண்டை வாங்க வேண்டும்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அயர்ன் செய்தால் சரியாகாது. அக்ரிலிக் நூலாக இருந்தால் இன்னும் கெட்டுப்போகும். ரிப் பட்டை தொடங்கும் இடம் வரை பிரித்துவிடுங்கள். 40 செ.மீ. போனால் போகட்டும், இன்னும் 110 செ.மீ. பாக்கி இருக்கிறது.

உங்கள் கை இறுக்கமாகவும் தளர்வாகவும் மாறி மாறி ஓடியதால் ஓரம் நெளியவில்லை. ஒரே எண்ணிக்கைக் கண்ணி ஒவ்வொரு தையலிலும் ஒவ்வோர் அகலத்துக்குப் படியும். நிட், பர்ல் இரண்டும்தான் பின்னலின் அடிப்படைக் கண்ணிகள்: முன்பக்கத்தில் நிட் வழவழப்பாகவும் பர்ல் மேடாகவும் தெரியும். ரிப்பில் நிட் நெடுக்குகள் (மேலும் கீழுமாக ஓடும் கண்ணிகள்) முன்னால் வரும், பர்ல் நெடுக்குகள் பின்னால் போகும். துணி ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிந்து அகலம் சுருங்கிவிடும். ஸ்டாக்கினெட்டில் முன்பக்கம் முழுக்க நிட், பின்பக்கம் முழுக்க பர்ல் என்பதால் பக்கவாட்டு ஓரம் பின்னோக்கிச் சுருளும். மாஸில் நிட்டும் பர்லும் குறுக்கிலும் நெடுக்கிலும் மாறி மாறி வருகின்றன. ஒன்றின் இழுப்பை இன்னொன்று அடித்துவிடுவதால் துணி அகலமாகவும் தட்டையாகவும் கிடக்கும். இந்த மூன்றையும் ஒரே போர்வையில் போட்டால் எவ்வளவு தேர்ந்த கையானாலும் 24 செ.மீ. வித்தியாசம் வரத்தான் செய்யும்.

ஆகவே அகலத்தில் ஒத்துப்போகும் தையல்களை மட்டும் சேர்க்க வேண்டும். கார்ட்டர், மாஸ், புரோக்கன் ரிப் மூன்றும் நன்றாகச் சேரும். மூன்றுமே சுருளாது. அதோடு ஒற்றைப்படைக் கண்ணியில் மூன்றுக்கும் கணக்கு எளிது.

205 கண்ணி ஏற்றுங்கள். 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் ஓடும் நூலும் 5 மி.மீ. ஊசியும் என்றால் 10 செ.மீ.க்கு 17 கண்ணி விழும். அகலம் 120 செ.மீ. வந்துவிடும். கார்ட்டரில் எல்லா வரிசையும் நிட். மாஸில் எல்லா வரிசையும் ஒரு நிட், ஒரு பர்ல் என்று போய் நிட்டில் முடியும். ஒற்றைப்படை என்பதால் முன்வரிசையா (முன்பக்கத்தைப் பார்த்துப் பின்னுவது) பின்வரிசையா (பின்பக்கத்தைப் பார்த்துப் பின்னுவது) என்று யோசிக்கவே வேண்டாம். புரோக்கன் ரிப்பில் முன்வரிசை முழுக்க நிட், பின்வரிசை மட்டும் மாஸ் மாதிரி. பெயரில் ரிப் இருந்தாலும், பின்வரிசையில் நிட் போட்ட நெடுக்குகள் கார்ட்டராகவே உட்கார்ந்துவிடுவதால் அது சாதாரண ரிப் போல் இழுத்துக்கொள்ளாது. காணொளி பார்த்துப் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாம் மாஸ் என்பதை அமெரிக்கர்கள் சீட் ஸ்டிச் என்பார்கள். அவர்கள் மாஸ் என்று சொல்வது வேறு தையல்.

இனி அந்தப் புள்ளிகள். ஒரு கண்ணியை பர்ல் போடும்போது அதற்கு முந்தைய வரிசைக் கண்ணியின் தலை முன்பக்கம் வந்து விழுகிறது. அந்த முந்தைய வரிசை பழைய நிறம். அதனால் உதாரணத்துக்குப் புதுச் செங்கல் நிறத்துக்கு அடியில் பழைய கடுகு மஞ்சள் கோடு கோடாகத் தெரிகிறது. நிட் போட்டால் அந்தத் தலை பின்பக்கம் போய்விடும். எனவே எந்தப் பட்டையானாலும், எந்தத் தையலானாலும், புது நிறத்தின் முதல் வரிசை முன்பக்கத்தில், ஓரம் முதல் ஓரம் வரை முழுக்க நிட். இரண்டாவது வரிசையிலிருந்துதான் தையலைத் தொடங்க வேண்டும். கார்ட்டருக்கும் புரோக்கன் ரிப்புக்கும் முதல் வரிசை எப்படியும் நிட்தான். மாஸ் பட்டையில் மட்டும் நினைவாக இருந்தால் போதும். பின்பக்கத்தில் புள்ளிகள் இருக்கும், அதற்கு வழியில்லை. ஒவ்வொரு பட்டையும் இரட்டைப்படை வரிசையில் முடியட்டும். அப்போதுதான் நிறமாற்றம் எப்போதும் ஒரே ஓரத்தில் நடக்கும்.

பட்டைகளின் உயரத்தை ஒரே அளவாக வைத்தால் போர்வை பள்ளிச் சீருடை டை போலாகிவிடும். 14, 6, 10 செ.மீ. என்று மூன்று உயரங்களைச் சுழற்றுங்கள். 14க்கு புரோக்கன் ரிப், சுமார் 38 வரிசை. 6க்கு கார்ட்டர், சுமார் 20 வரிசை. கார்ட்டர் உயரத்தில் அமுங்கும் தையல் என்பதால் வரிசை கூடுதலாகத் தின்னும். 10க்கு மாஸ், சுமார் 28 வரிசை. நிறங்கள் ஐந்தை அவற்றின் வரிசைப்படி தனியாகச் சுழற்றுங்கள். 15 பட்டை முடியும்போது ஒவ்வொரு நிறமும் மூன்று உயரத்திலும் ஒரு தடவை வந்திருக்கும். நிறத்துக்கு 30 செ.மீ., மொத்தம் 150 செ.மீ. ஒரு நிறத்தில் உருண்டை மிஞ்சி இன்னொன்றில் பற்றாமல் போகும் தொல்லையும் இல்லை.

எந்த ஐந்து? இலையுதிர் காலத்துக்கு மெல்பர்ன் வரை போக வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்க மாதங்களில் ரப்பர் தோட்டப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: பச்சை வெளுத்து மஞ்சளாகி, மஞ்சள் செம்பு நிறமாகி உதிரும். பினாங்கு கடற்கரைக் கெத்தாப்பாங் மரத்தடியில் ஒரு நடை நடந்தால் ரத்தச் சிவப்பு இலையும் கிடைக்கும். கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, பாசிப் பச்சை, அடர் பழுப்பு, பால் வெள்ளை. என் தேர்வு இதுதான். ஐந்தாவது வெள்ளையை விட்டுவிட்டு இன்னொரு செம்பை நுழைக்கத் தோன்றும். நுழைத்தால் எல்லாம் கலங்கிய சாம்பார் நிறமாகிவிடும். உருண்டைகளை வரிசையாக வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். கடுகு மஞ்சளும் பாசிப் பச்சையும் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்ளும். அடர் பழுப்பில் மாஸ் போட்டால் வேலைப்பாடு கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரு பட்டையை மட்டும் கார்ட்டராக மாற்றலாம்.

நூல் எவ்வளவு என்பதை யாரையும் கேட்க வேண்டாம், சமையலறைத் தராசைக் கேளுங்கள். 20க்கு 20 செ.மீ. மாதிரித் துண்டு ஒன்று மாஸில் பின்னி எடை போடுங்கள். 120க்கு 150 போர்வை அதைப் போல் 45 மடங்கு. துண்டு 18 கிராம் என்றால் 810 கிராம்; பத்து விழுக்காடு கூட்டினால் ஏறக்குறைய 900. ஐந்து நிறத்துக்குப் பிரித்தால் நிறத்துக்கு 180 கிராம், அதாவது 50 கிராம் உருண்டையில் நான்கு. மொத்தம் 20 உருண்டை. ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய உருண்டையின் சாய எண்ணும் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய உருண்டைகளுக்குப் போடும் எண்) புதியதன் எண்ணும் ஒன்றா என்று லேபிளில் பாருங்கள். எண் வேறாக இருந்தால் ஒரே பட்டைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். பட்டைக்குப் பட்டை மாற்றினால் வித்தியாசம் தெரியாது.

ஷாப்பி இணையக் கடையில் ‘பெனாங் காயிட்’ (மலாயில் பின்னல் நூல்) என்று தேடினால் மில்க் காட்டன் என்ற பருத்திக் கலப்பு உருண்டைகளும் வந்து நிற்கும். நம் ஊர் ஏர்கோன் அறைக்கு அது அருமை. மெல்பர்ன் குளிருக்கு அதை வாங்க மாட்டேன்: கனம் அதிகம், மீள்தன்மை குறைவு, சூடும் போதாது. கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் கிடைத்தால் அதுவே மேல். கிடைக்காவிட்டால் நல்ல அக்ரிலிக். மாணவர் விடுதியில் போர்வையை யாரும் பார்த்துப் பார்த்துக் கையால் துவைக்கப் போவதில்லை. எந்த நூலானாலும் சிவப்பில் ஒரு முழத்தை வெந்நீரில் நனைத்து வெள்ளை டிஷ்யூவில் அழுத்திப் பாருங்கள். டிஷ்யூ சிவந்தால் அந்தச் சிவப்பு ஒரே துவைப்பில் பால் வெள்ளைப் பட்டைக்கு ஏறிவிடும்.

ஊசி, 100 செ.மீ. கேபிள் உள்ள சர்க்குலர் (இரண்டு ஊசி முனைகளை வளையும் கேபிள் ஒன்று இணைப்பது). வட்டமாகப் பின்ன அல்ல. 205 கண்ணியின் பாரம் மணிக்கட்டில் ஏறாமல் மடியில் கிடக்க. கை வியர்க்கும் நம் வெயிலில் மூங்கில் ஊசியில் அக்ரிலிக் ஒட்டிக்கொண்டு வராது. உலோக ஊசி வழுக்கிக்கொண்டு போகும். கண்ணி ஏற்றும்போது மட்டும் 6 மி.மீ. ஊசி எடுங்கள், இல்லாவிட்டால் அடி ஓரம் இறுகி மூலைகள் உள்ளே இழுக்கும். கடைசியில் கண்ணி அடைக்கும்போதும் அதே 6. நூலின் வாலையும் சேர்த்துக் கண்ணி ஏற்றும் லாங் டெயில் முறையில் ஏற்றுவதானால் நான்கு மீட்டர் வால் விடுங்கள். இருபது கண்ணிக்கு ஒரு தடவை வேறு நிற நூல் வளையம் ஒன்றைக் கோர்த்துவிட்டால் 205ஐ மறுபடி மறுபடி எண்ண வேண்டாம்.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. ரிப் தொடங்குவதற்கு முந்தைய, நன்றாக இருக்கும் கடைசி வரிசையின் எல்லாக் கண்ணிகளிலும் மழுங்கிய ஊசியால் மெல்லிய நூல் ஒன்றைக் கோர்த்து எடுங்கள். அதற்குக் கீழே பிரியாது. ரிப்புதான் முதல் பட்டை என்றால் கவலையே இல்லை. முழுதாகப் பிரித்து 205ஆக ஏற்றிக்கொள்ளலாம். முதல் பட்டை மாஸாக இருந்து அதை வைத்துக்கொள்வதானால், அடுத்த பட்டையின் முதல் நிட் வரிசையில் ஐந்து கண்ணியைச் சீரான இடைவெளியில் கூட்டுங்கள். பிரித்த நூல் நூடுல்ஸ் போல் சுருண்டிருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, நனைத்து, காயவைத்த பிறகே திரும்பப் பின்னுங்கள். அப்படியே பின்னினால் கண்ணி அளவு மாறும்.

15 பட்டை என்றால் 30 நூல்முனை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களின் போர்வைகள் எத்தனையோ அலமாரியில் தூங்குகின்றன. ஒவ்வொரு பட்டை முடிந்ததும் அதன் முனையை மறைத்துவிடுங்கள். 20 செ.மீ. வால் விட்டு, அதே நிறப் பகுதிக்குள் பின்பக்கமாக மூன்று திசையில் ஐந்து ஐந்து செ.மீ. ஓட்டுங்கள். அக்ரிலிக் வழுக்கும் நூல். ஒரே திசையில் ஓட்டியது இரண்டாவது துவைப்பில் வெளியே வந்து தொங்கும். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவதும் வேண்டாம்.

முடிந்ததும் துவைத்து, வலைப்பையில் போட்டு இயந்திரத்தில் பிழிய மட்டும் விடுங்கள். கொடியிலோ கழியிலோ போடக் கூடாது. ஈரத்தோடு அது ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், நீளவாக்கில் இறங்கிவிடும். தரையில் துண்டுகளை விரித்து, அதன் மேல் போர்வையை 120க்கு 150 அளவில் பரப்பி, மின்விசிறியைப் போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். மாலை மழை பிடித்துக்கொள்ளும் நாளில் ஏர்கோனை டிரை மோடில் வையுங்கள். ஒரு நாளைக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை வாடை ஏறும், பிறகு எளிதில் போகாது. அக்ரிலிக்கில் அயர்ன் பெட்டி படவே கூடாது. நூல் உருகித் தட்டையாகித் துணி துவண்டுபோகும். ஓரம் லேசாக மடங்கினால் பெட்டியை நான்கு செ.மீ. உயரத்தில் பிடித்து நீராவி மட்டும் காட்டினால் போதும்.

நேரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 430 வரிசை, 88,000 கண்ணி. நிமிடத்துக்கு 25 கண்ணி போடும் கைக்கு 60 மணி நேர வேலை. மெல்பர்னில் இலையுதிர் காலம் மார்ச்சிலிருந்து மே வரை. இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் தை பிறப்பதற்கு முன்பே ஊசியை எடுத்துவிடுங்கள்.